சாவியைத் தொலைக்கிறவர்களின் சங்கம்

ஒரு சங்கத்தை நடத்துவது என்றால் என்ன வேலை என்று, ஊரில் கோயில் விழாக் கமிட்டியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ மாட்டிக்கொண்ட யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மினிட்ஸ் எழுதணும். ரசீதுப் புத்தகம் தொலையக்கூடாது. ஹால் சாவியை வாங்கினவர் ஞாபகமாகத் திருப்பிக் கொடுக்கணும். வரிக்கணக்கு தேதி தவறாமல் போகணும். பேச வருகிறேன் என்று ஒத்துக்கொண்ட டாக்டருக்கு முந்தின நாள் ஒரு தடவை நினைவூட்டணும், பேசிவிட்டுப் போன பிறகு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பணும். பெரிய மூளை எதுவும் வேண்டாம். எல்லாம் சின்னச் சின்ன ஞாபகங்கள்.

அந்தச் சின்ன ஞாபகங்கள்தான் பிறவியிலேயே தகராறு என்று இருக்கிறவர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தால்? அமெரிக்காவில் வைத்திருக்கிறார்கள். 1987இல் ஆரம்பித்தது, இன்றும் ஓடுகிறது. சுருக்கமாக சாட் என்பார்கள். முழுப்பெயர் சில்ட்ரன் அண்ட் அடல்ட்ஸ் வித் அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைப்பராக்டிவிட்டி டிஸார்டர், அதாவது கவனம் நிற்காத, ஓரிடத்தில் நிலைகொள்ளாத ஏடிஹெச்டி என்ற சிக்கல் உள்ள குழந்தைகளும் பெரியவர்களும். அந்த முழுப்பெயரை ஒரே மூச்சில் தடுமாறாமல் சொல்லிவிட்டால் உங்களுக்கு ஏடிஹெச்டி இல்லை, கிளம்பலாம் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பழைய ஜோக்.

எங்கள் கூட்டம் என்று எழுதிவிட்டேன். நாங்கள் மேரிலாந்தில் இருக்கிறோம். பெரியவனுக்கு ஏடிஹெச்டி என்று டாக்டர் சொன்னதிலிருந்து இந்த ஆட்களோடு பழக்கம். சாட்டின் தலைமை அலுவலகமும் இப்போது இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் நான் போனதில்லை, போக வேண்டிய தேவையும் வந்ததில்லை. நான் பார்த்த சாட், லைப்ரரி மீட்டிங் ரூமில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் சாட். சம்பளம் வாங்காத ஆட்கள்.

அங்கே வருகிற எல்லோருக்கும் ஏடிஹெச்டி என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் பெற்றோர்கள்தான். ஆனால் இது குடும்பத்தில் ஓடுகிற சமாச்சாரம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, இதில் மரபணுவின் பங்கு சுமார் 74 சதவீதம் என்று கணக்குச் சொல்கிறார்கள். என் மாமியார் அந்த ஆய்வுகள் எதையும் படித்தவர் இல்லை. பேரனுக்கு என்னவென்று ஃபோனில் நான் விளக்கி முடித்ததும், "இதுக்கு டாக்டர் வேற பார்த்தீங்களா? இவங்கப்பன் அஞ்சாங்கிளாஸ் படிக்கறப்போ ஒரே மழைக்காலத்துல மூணு குடை, ரெண்டு செருப்பு. செருப்பும் ஜோடியா இல்ல, ஒத்தை ஒத்தையா தொலைச்சான்" என்றார். பக்கத்தில் இருந்த என் கணவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார்.

ஆக, குழந்தைக்காக வருகிற அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதே சிக்கல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர்கள்தான் செயலாளர், பொருளாளர், காபி பொறுப்பு.

ஆரம்பித்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேலுக்குப் பக்கத்தில் பிளான்டேஷன் என்று ஒரு புறநகர். அங்கே ஹார்வி பார்க்கர் என்ற உளவியலாளர், ஃபிரான் ரைஸ், கரோல் லெர்னர் என்ற இரண்டு தாய்மார்கள், இந்த மூவரும் போட்ட விதை. அந்தக் காலத்தில் கூகுள் இல்லை, வாட்ஸாப் இல்லை. இந்தச் சிக்கலுக்கே பெயர் நிலையாக இல்லை. 1968இல் மனநல மருத்துவர்களின் கையேடு இதை ஹைப்பர்கைனடிக் ரியாக்‌ஷன் என்றது, 1980இல் ஏடிடி என்றது, சங்கம் தொடங்கிய அதே 1987இல் ஏடிஹெச்டி என்று மாற்றியது. பையன் வகுப்பில் உட்காரவில்லை என்றால் சர்க்கரை அதிகம் தின்கிறான் என்பார்கள், டிவி பார்க்கிறான் என்பார்கள், கடைசியில் அம்மாவின் கண்டிப்பு போதாது என்று முடிப்பார்கள். (இந்த முடிவு மட்டும் எந்த நாட்டிலும் மாறுவதில்லை.)

பெயரில் முதலில் 'சில்ட்ரன்' மட்டும்தான். 'அடல்ட்ஸ்' பிறகு சேர்ந்தது. சேராமல் எப்படி இருக்கும்? மேடையில் ஒருவர் அறிகுறிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, பையனுக்காக வந்து உட்கார்ந்திருக்கிற அப்பா தன் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பார். சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகள், பல்லாயிரம் உறுப்பினர்கள். பார்க்கர் இன்னொரு பக்கம் இந்த விஷயத்துக்கென்றே புத்தகங்கள் விற்கும் ஒரு நிறுவனமும் தொடங்கினார். அன்றைக்குப் பெற்றோர்கள் படிக்கத் தமக்கென்று எழுதின புத்தகம் கிடைப்பதே அபூர்வம் என்பதால், அதை வியாபாரம் என்று மட்டும் ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர்கள் செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் 1991ஐச் சொல்வேன். இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்திருக்கிற தமிழ்ப் பெற்றோர்கள் "504 ப்ளான் வாங்கிட்டீங்களா?" என்று சர்வசாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறோம். அது வானத்திலிருந்து விழுந்தது இல்லை. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் சிறப்புக் கல்விச் சட்டத்தைப் புதுப்பித்தது. ஐடிஇஏ என்ற பெயர் வந்தது அப்போதுதான். ஆட்டிசத்துக்குத் தனிப் பிரிவு கிடைத்தது. விபத்தில் மூளையில் அடிபட்ட குழந்தைகளுக்கும் கிடைத்தது. ஏடிடி வாசலிலேயே நின்றது. சாட்டின் சார்பில் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய்ப் பேசியவர்களில் மேரி ஃபவுலர் என்ற தாய் முக்கியமானவர். தன் மகனை வளர்த்த கதையை அதே 1990இல் புத்தகமாகவும் எழுதினார். எதிர்ப்பும் சும்மா இல்லை. இப்படி ஒரு பிரிவைத் திறந்துவிட்டால் கறுப்பினக் குழந்தைகள் மேல்தான் முதலில் முத்திரை குத்துவார்கள் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளின் சரித்திரம் தெரிந்த யாரும் அந்தப் பயத்தை அபத்தம் என்று தள்ளமாட்டார்கள்.

நாடாளுமன்றம் முடிவெடுக்காமல், மக்கள் கருத்தைக் கேளுங்கள் என்று கல்வித் துறையிடம் தள்ளிவிட்டது. கடிதங்கள் குவிந்தன. 1991 செப்டம்பர் 16ஆம் தேதி துறையின் மூன்று பிரிவுத் தலைவர்கள் கையெழுத்திட்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஏடிடி உள்ள குழந்தை இருக்கிற சட்டத்தின்படியே 'பிற உடல்நலக் குறைபாடு' என்ற பிரிவில் வரலாம். அதில் வராவிட்டாலும் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504ஆம் பிரிவில் சலுகை கேட்கலாம். புதுச் சட்டம் இல்லை, புதுப் பிரிவும் இல்லை, பழைய கதவையே கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டார்கள். கையெழுத்திட்ட மூவரில் ஒருவர் ராபர்ட் டவிலா. எட்டு வயதில் மூளைக் காய்ச்சலில் காது கேட்காமல் போனவர், மெக்சிகோ வம்சாவளிப் பண்ணைத் தொழிலாளிகளின் மகன், பிற்பாடு காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானார். அந்தத் தாளில் அவர் பெயர் இருப்பது எனக்கு ஏனோ பிடித்திருக்கிறது.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டது. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. 1990இல் இவர்கள் நின்ற அதே வாசல்படி.

முத்திரை பற்றிய அந்தப் பயத்துக்கு வருகிறேன். பிற்காலத்தில் சாட்டின் தலைவராக வந்தவர்களில் எவலின் போல்க் கிரீன் ஒருவர். சிகாகோ பொதுப்பள்ளிகளில் வேலை பார்த்த கல்வியாளர், கறுப்பினப் பெண், ஏடிஹெச்டி உள்ள இரண்டு மகன்களின் தாய், தனக்கும் அது உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர். ஏடிடிஏ என்று பெரியவர்களுக்காக இருக்கிற இன்னொரு அமைப்புக்கும் தலைவராக இருந்தார். ஒரு பக்கம் நிறத்துக்காக முத்திரை குத்தப்படும் பிள்ளைகள், இன்னொரு பக்கம் அதே நிறத்துக்காக டாக்டரிடமே போய்ச் சேராத பிள்ளைகள். இந்த இரண்டையும் சேர்த்துப் பேச, இரண்டையும் வீட்டுக்குள் பார்த்த ஆள் வேண்டியிருந்தது. நம் பக்கத்து 'பேர் வச்சிட்டா நாளைக்குக் கல்யாணம்?' என்ற பயம் வேறு ரகம்தான் என்றாலும், அவர் பேச்சைக் கேட்டால் நம் சித்திகளுக்கும் கொஞ்சம் உறைக்கும்.

சரி, லைப்ரரி ரூமுக்குப் போவோம்.

எங்கள் குழுவை நடத்துகிற அம்மாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். மகன்கள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், இவர் நிற்கவில்லை. ரூம் சாவி அவர் கழுத்தில் ஒரு பட்டையில் தொங்கும். வருகைப் பதிவுத் தாளோடு பேனாவை நூலால் கட்டியிருப்பார். நடுமேசையில் ஒரு கடிகாரம்: திருகிவிட்டால் முகத்தில் சிவப்புத் துண்டு ஒன்று தெரியும், நேரம் போகப் போக அது சுருங்கிக்கொண்டே வரும். பேசுகிறவர் வாயைப் பார்க்காமல் அந்தச் சிவப்பைப் பார்த்தே அவரவர் முறை வருவதைத் தெரிந்துகொள்வோம். ஒரு டப்பாவில் களிமண், ரப்பர் பேண்ட், வளைக்கிற கம்பி. பெரியவர்களும் எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே பேசுவார்கள். கையை உருட்டினால்தான் சிலருக்குக் காது திறக்கும்.

எந்த வேலைக்கும் ஒரு ஆள் பெயர் எழுதக்கூடாது, இரண்டு பேர் எழுதணும். ஒருவர் மறந்தால் இன்னொருவர் ஞாபகப்படுத்துவார். இரண்டு பேரும் மறந்தால் அந்த மாதம் காபி இல்லை, அவ்வளவுதான். தாமதமாக வருகிறவர் மன்னிப்புக் கேட்கக் கூடாது. ஏன் லேட் என்று விளக்க ஆரம்பித்தால் ஐந்து நிமிஷம் போகும், அப்புறம் எல்லோரும் தாங்கள் லேட்டான கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சங்கம் நடத்துவதற்கு லாயக்கில்லாத ஆட்கள் சங்கம் நடத்தத் தங்களுக்கு ஏற்றமாதிரி ஒரு முறையைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒழுங்கான ஆட்கள் நடத்துகிற எத்தனையோ அமைப்புகளில் இந்த அளவு யோசனை கிடையாது.

ஒரு அப்பா வந்தார். சாஃப்ட்வேர் ஆள். மகள் ஆறாம் வகுப்பு. கணக்கில் வரிசையாகப் பூஜ்யம். "ஹோம்வொர்க் செய்யறா, நான் பக்கத்துல உக்காந்து பார்க்கிறேன், செஞ்சதைப் பையில வெக்கறதையும் பார்க்கிறேன். டீச்சர் வரவே இல்லைங்கிறார்" என்று ஆங்கிலத்தில் புலம்பினார். பொய் சொல்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். நம் டிரைவரம்மாள் கேட்ட முதல் கேள்வி: "பையில் எந்த அறையில்?" அவருக்குத் தெரியவில்லை. அடுத்த கேள்வி: "டீச்சர் தாளை எப்போது வாங்குகிறார், வகுப்பு ஆரம்பத்திலா, முடிவிலா?" அதுவும் தெரியவில்லை. அப்புறம்தான் விளக்கினார்: வகுப்பு முடிய மணி அடிக்கும்போது, "மேசைமேல வெச்சிட்டுப் போங்க" என்று டீச்சர் சொல்லுவார்; நாற்பது பெஞ்சு இழுபடும் சத்தத்தில் அந்த ஒரு வாக்கியம் இவள் காதில் விழாது. செய்வது ஒரு வேலை, கொடுப்பது இன்னொரு வேலை, இவளுக்கு அறுந்து போகிறது இரண்டாவது. முடித்த தாளை வீட்டிலேயே ஃபோட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பிவிடுங்கள். உள்ளே நுழையும்போதே டீச்சர் கையை நீட்டி வாங்கணும் என்று 504 ப்ளானில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த அப்பா வந்தார். பூஜ்யம் நின்றுவிட்டதாம். "ஆனா எனக்கு வேற ஒரு கேள்வி இருக்கு" என்று இழுத்தார். அது அவருடைய ஆபீஸைப் பற்றிய கேள்வி. என்ன கேட்கப் போகிறார் என்று ரூமில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இனிமேல் கசப்பான கதை. அதை விட்டுவிட்டு இவர்களைப் பாராட்டினால் விளம்பரம் எழுதினமாதிரி ஆகிவிடும்.

ரிட்டலின் என்ற மருந்தின் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீபா என்ற ஸ்விஸ் கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் 1944இல் தயாரித்தது. தன் மனைவி ரீட்டாவின் பெயரை வைத்தார். அந்த அம்மாள் டென்னிஸ் ஆடப் போகுமுன் அதை எடுத்துக்கொள்வாராம். அமெரிக்காவில் அது இரண்டாம் அட்டவணை மருந்து. அதாவது ஒரே சீட்டை வைத்து மறுபடி மறுபடி வாங்க முடியாது, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு. எவ்வளவு தயாரிக்கலாம் என்பதற்கும் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மாதாமாதம் சீட்டுக்கு ஓடுவது ஏடிஹெச்டி உள்ள வீட்டில் என்ன பாடு என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1994இல் சாட், நரம்பியல் மருத்துவர்களின் அகாடமியோடு சேர்ந்து, இதை மூன்றாம் அட்டவணைக்கு இறக்குங்கள் என்று மனுப் போட்டது.

1995இல் விஷயம் வெடித்தது. ஜான் மெரோ என்ற செய்தியாளர் பிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு ஆவணப்படம் போட்டார்: ரிட்டலின் தயாரிக்கிற சீபா-கெய்கி கம்பெனியிடம் சாட் லட்சக்கணக்கான டாலர் வாங்கியிருக்கிறது. போதைமருந்துகளைக் கண்காணிக்கும் டிஇஏ தன் பங்குக்குக் கணக்குச் சொன்னது: 1991 முதல் 1994 வரை 7,48,000 டாலர். இந்த உறவு எவ்வளவு ஆழம் என்பது, சாட்டை நம்பி ஆலோசனை கேட்ட உறுப்பினர்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்பதையும் டிஇஏ குத்திக்காட்டியது. மருந்தின் மேல் இருக்கிற கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்கிறவர், மருந்து விற்கிறவரிடம் பணம் வாங்கியிருக்கிறார். இதற்குமேல் மனுவை யார் படிப்பார்கள்? ரிட்டலின் இன்றும் இரண்டாம் அட்டவணையில்தான் இருக்கிறது. 2000இல் கம்பெனி, மனநல மருத்துவர் சங்கம், சாட் மூன்றும் கூடிச் சதி செய்து இந்த நோயை ஊதிப் பெருக்கின என்று பல மாநிலங்களில் வழக்குகள் போட்டார்கள். 2002க்குள் அத்தனையும் தள்ளுபடியாகவோ திரும்பப் பெறப்பட்டோ முடிந்தன. சட்டப்படி தப்பித்தார்கள், பெயர் கெட்டது கெட்டதுதான்.

பணம் வாங்கினதைவிட வாங்கினதை முதல் பக்கத்தில் போடாததுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. பத்திரிகை அச்சடிக்க, கிளைகளுக்குத் தாள் அனுப்ப, மாநாடு நடத்தக் காசு வேண்டும். பெற்றோர்களின் சந்தா அதற்குக் காணாது. அன்றைக்கு அரசாங்கம் கொடுக்கவில்லை. (அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி, ஏடிஹெச்டி தகவல் மையம் நடத்த சாட்டுக்கு நிதி கொடுக்க ஆரம்பித்தது 2002இல்தான்.) கொடுக்கத் தயாராக இருந்தது கம்பெனி மட்டும். வாங்கியிருக்கலாம், ஆனால் ஊரறிய வாங்கியிருக்கணும். பேனாவை நூலால் கட்டி வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

ஆத்திரத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 அக்டோபரில் அடரால் என்ற இன்னொரு ஏடிஹெச்டி மருந்துக்குத் தட்டுப்பாடு என்று, மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் எஃப்டிஏ அறிவித்தது. அடுத்த வருடம் மற்ற மருந்துகளுக்கும் பரவியது. ஃபார்மஸி கவுண்டரில் நிற்கிறோம், இல்லை என்கிறார்கள். பக்கத்துக் கடையில் இருக்கிறதா என்று கேட்டால், சொல்ல அனுமதி இல்லை என்கிறார்கள். இருக்கிற கடையைக் கண்டுபிடித்தாலும் சீட்டை அங்கே மாற்ற அப்போது வழியில்லை. டாக்டர் ஆபீஸைக் கூப்பிட்டு, காத்திருந்து, புதுச் சீட்டு அனுப்பச் சொல்லணும். அது போய்ச் சேருவதற்குள் அங்கேயும் தீர்ந்திருக்கும். எங்கள் குழுவின் ஃபோன்கள் அந்த மாதங்களில் ஓயவே இல்லை. "ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடையில பத்து மில்லிகிராம் இருக்கு, பதினஞ்சு இல்ல" என்று ராத்திரி பதினோரு மணிக்குச் செய்தி வரும். அனுப்புகிறவருக்கு அந்த மருந்து தேவையே இல்லை, மகன்கள் வளர்ந்தாயிற்று. கடை கடையாகக் கூப்பிட்டுக் கேட்டு எழுதிவைத்திருப்பார்.

1994இல் மனு ஏற்கப்பட்டிருந்தால் இந்தத் தட்டுப்பாடே வந்திருக்காது என்று அடித்துச் சொல்லமாட்டேன். அந்த மருந்து தவறான கைகளுக்குப் போகும் என்ற டிஇஏவின் கவலையும் பொய்யில்லை, கல்லூரி விடுதிகளில் பரீட்சைக் காலத்தில் என்ன நடக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்தக் கவுண்டரில் நிற்கிற குடும்பத்தின் கஷ்டத்தைப் பற்றி நிதானமாக ஒரு விவாதம் நடந்திருக்கணும். கேட்டவர்கள் கையில் கம்பெனிப் பணம் இருந்ததால் அது நடக்காமலே போய்விட்டது.

இப்போது கூட்டத்துக்கு வருகிறவர்களின் முகம் மாறிவிட்டது. சிடிசி 2024இல் வெளியிட்ட கணக்குப்படி அமெரிக்காவில் ஏடிஹெச்டி உள்ள பெரியவர்கள் சுமார் ஒன்றரைக் கோடிப் பேர். அவர்களில் பாதிப்பேர் 18 வயதுக்கு மேல்தான் அதைத் தெரிந்துகொண்டார்கள். நாற்பது வயதுப் பெண்கள் நிறைய வருகிறார்கள். சின்ன வயதில் ஓடாமல் குதிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் எந்த டீச்சர் கண்ணிலும் படாமல் போனவர்கள். முதல் கூட்டத்தில் பாதிப்பேர் அழுவார்கள். இரண்டாவது கூட்டத்தில் காபிக்குப் பெயர் எழுதுவார்கள்.

போன வாரம் தமிழ்ச் சங்கப் பொங்கலில் பழக்கமான ஒரு அக்கா கூப்பிட்டார். மகனுக்குப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறதாம். சாட் பற்றிச் சொன்னேன். நெட்டில் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். "ஏம்மா, இவங்கல்லாம் மருந்துக் கம்பெனி ஆளுங்கன்னு போட்டிருக்கே?" மேலே எழுதின அத்தனையும் சொன்னேன், 7,48,000 டாலர் உட்பட. மருந்து கொடுப்பதும் கொடுக்காததும் உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவில், லைப்ரரி ரூமில் யாரும் அதைத் தீர்மானிக்கப் போவதில்லை, ஹோம்வொர்க் எந்த அறையில் இருக்கிறது என்றுதான் கேட்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என்னைக்கு வெக்கிறாங்க?"

"செவ்வாய்க்கிழமைக்கா. ஏழு மணி."

"இவர் ஆபீஸ் முடிஞ்சு வர லேட்டாகுமே, பரவாயில்லையா?"

"தாராளமா வாங்க. ஆனா ஏன் லேட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."